காலம் கழித்ததா, கடை கழித்ததா?

ஒரு பொருள் பழையதாவது வேறு, பயனற்றதாவது வேறு. முன்னது காலத்தின் செயல். பின்னது பெரும்பாலும் மனிதரின் முடிபு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் இன்று கற்றோரிடையேயும் பரவலாகக் காணப்படுகின்றது. இம்மயக்கத்தினால் நட்டமடைவோர் யாவர், இலாபமடைவோர் யாவர் என்பதை ஆராய்வதற்குப் பெரிய எடுத்துக்காட்டு எதுவும் வேண்டியதில்லை. கணனிப் பெட்டியினுள்ளே தூசி படிந்து கிடக்கும் பழைய வரைகலை அட்டையொன்று போதும்.

கடைத்தெருவில் 'கிராபிக்ஸ் கார்ட்' என வழங்கும் இவ்வட்டை, கணனியில் உருவாகும் காட்சிகளைத் திரையிலே தோன்றச் செய்வது. விளையாட்டுக்களை மனத்திற்கொண்டு வாங்கப்படும் அட்டை ஐந்தாறு ஆண்டுகளிற் புதிய விளையாட்டுக்களுக்கு ஈடுகொடுக்க இயலாததாகின்றது. அந்நிலையில் அதனைக் கழற்றி, வீட்டுக் கூடத்துத் தொலைக்காட்சியுடன் இணைந்த பழைய கணனி ஒன்றிற் பொருத்தினால், திரைப்படமும் இசையும் பதிவு செய்யப்பட்ட விரிவுரையும் காண்பதற்கு ஏற்ற வீட்டுத் திரையரங்குக் கணனி ஒன்று கிடைக்கும். செய்யத்தக்க இக்காரியம் செய்யத்தகாதது என்னும் எண்ணம் வலிந்து பரப்பப்பட்டு வருகின்றது. அவ்வெண்ணத்தை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேராதனையிலிருந்து கொழும்பு வீதி வழியே மேற்கு நோக்கிச் செல்வோர் சிறிது தூரத்திற் பிலிமத்தலாவையை அடைவர். வீதியோரத்துக் கடைகளிலே குத்துவிளக்குகளும் தட்டங்களும் பித்தளை ஒளியுடன் அடுக்கப்பட்டிருக்கும். அயலிலுள்ள எம்பில்மீகம முதலிய ஊர்களிலே உலோக வார்ப்பு தலைமுறை தலைமுறையாக வந்த தொழில். உடைந்த விளக்கும் நசுங்கிய செம்பும் அத்தொழிலாளருக்குக் குப்பையல்ல, மூலப்பொருள். எடைபோட்டு வாங்கப்படும் பழைய பித்தளை உருக்கப்பட்டு மீண்டும் விளக்காகின்றது. அதே வீதியிற் கண்டி நகருக்குச் சென்று பழைய வரைகலை அட்டையொன்றைக் கடையிற் காட்டுபவருக்கு, 'இதற்கு இனி டிறைவர் வராது' என்னும் விடை கிடைக்கக்கூடும். அட்டையிற் பழுதுண்டா என்னும் வினா எழுவதேயில்லை. பழுதில்லாத பொருளொன்று பிணமெனத் தீர்ப்பிடப்படுவதற்கு அந்த ஒரு வாக்கியம் போதுமானதாகிவிடுகின்றது.

பழையதைக் கைவிடுவோர் தம் செயலுக்குத் துணையாக இலக்கணத்தையும் அழைப்பதுண்டு. பழையவை நீங்கிப் புதியவை இடம்பெறுவது பிழையாகாது எனப் பவணந்தி முனிவரே நன்னூலிற் கூறினாரல்லவா என்பர். அச்சூத்திரம் மொழி வழக்கைப் பற்றியது. சந்தைச் சரக்கைப் பற்றியதன்று. அதனினும் முக்கியமானது, அம்மாற்றத்துக்குக் காரணமாக நன்னூலார் காலத்தையே கூறினார் என்பதாகும். எந்த வணிகனையும் அவர் கூறவில்லை. சொல்லொன்று வழக்கொழிவது, அதனைப் பேசுவோர் கைவிடுவதனால். வரைகலை அட்டை வழக்கொழிவதோ, அதனைப் பயன்படுத்துவோர் கைவிடாதிருக்கவும், ஆக்கியோர் கைவிடுவதனால். இவ்வேறுபாடே இவ்விவாதத்தின் அச்சாணி.

திரைப்படம் காண்பதற்கு வரைகலை அட்டை செய்யும் பணி யாது என்பதை முதலில் தெளிதல் வேண்டும். திரைப்படக் கோப்பு எதுவும் விரித்த நிலையிற் சேமிக்கப்படுவதில்லை. இடத்தைச் சிக்கனப்படுத்துவதற்காக அது கணித முறையாற் சுருக்கப்பட்டிருக்கும். காட்டும் வேளையிலே ஒவ்வொரு விநாடிக்கும் 24 அல்லது அதற்கு மேற்பட்ட படங்களை அச்சுருக்கத்திலிருந்து விரித்தெடுத்தல் வேண்டும். கணனியின் மையச் செயலகமே இப்பணியைச் செய்வதாயின், பழைய செயலகம் திணறும். படம் தடுக்கித் தடுக்கி ஓடும். இதனாலேயே வரைகலைச் சில்லினுள் படம் விரிப்பதற்கெனத் தனிச் சுற்றொன்று அமைக்கப்பட்டது. விளையாட்டுக் காட்சிகளைத் தீட்டும் பகுதி வேறு, இப்பகுதி வேறு. விளையாட்டில் தோற்ற அட்டை திரைப்படத்திலும் தோற்றுப்போகும் என்பது இவ்வேறுபாட்டை அறியாதோர் கூற்று.

இதற்கு வரலாறே சான்று பகரும். என்விடியா நிறுவனம் 2006 நவம்பரில் வெளியிட்ட ஜீபோர்ஸ் 8800 ஜி.ரி.எக்ஸ்., அந்நாளிற் பெருமையுடன் பேசப்பட்ட அட்டை. 2007 ஏப்பிரலில் வந்த 8600 ஜி.ரி., விலையாலும் வேகத்தாலும் அதற்கு வெகுவாகத் தாழ்ந்தது. எனினும் எச்.264 முறையிற் சுருக்கப்பட்ட படத்தை முழுமையாக விரிக்கும் சுற்று தாழ்ந்த 8600இல் இருந்தது. உயர்ந்த 8800 ஜி.ரி.எக்ஸில் இருக்கவில்லை. அன்று அரசனாக வீற்றிருந்த அட்டை இன்று கூடத்துத் தொலைக்காட்சிக்குப் பொருந்தாது. அன்று ஏளனம் செய்யப்பட்ட அட்டை இன்றும் முழு உயர்தெளிவுப் படத்தை இடறலின்றிக் காட்டவல்லது. ஒரு பொருளின் தகுதியை அதற்குரிய பணியைக் கொண்டன்றி, விலைச்சீட்டையோ பிறந்த ஆண்டையோ கொண்டு அளத்தல் தகாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

புதுமைவாதிகளின் முதலாவது தடை, சுருக்கும் முறைகள் மாறிவிட்டன என்பது. இது உண்மையே. எச்.264 முறைக்குப் பின் எச்.265, வி.பி.9, ஏ.வி.1 ஆகியன தோன்றின. 2007ஆம் ஆண்டின் அட்டை இவற்றை விரிக்கமாட்டாது. எச்.265 படத்தை முழுமையாக விரிப்பதற்கு 2015இன் ஜி.ரி.எக்ஸ். 960 போன்றதொன்று வேண்டும். 2017இல் வந்த ஜி.ரி. 1030, உச்ச அளவிலும் 30 வாற்று மின்சாரத்துடன் அப்பணியைச் செய்யும். விசிறியே இல்லாத வடிவிலும் அது விற்கப்பட்டது. என்விடியா அட்டைகளில் ஏ.வி.1 படத்தை விரிக்கும் சுற்று 2020இலேயே வந்து சேர்ந்தது. இவ்வுண்மைகள் பழைய அட்டையை நிராகரிப்பதற்குக் காரணமாகா. தெரிந்து பொருத்துவதற்கு வழிகாட்டியாகும். காணவிருக்கும் படம் எத்தகையது, தொலைக்காட்சி எத்தகையது, கையிலுள்ள அட்டை எத்தகையது என்னும் மூன்றையும் ஒருங்கு நோக்கினாற் பெரும்பாலான வீடுகளில் விடை பழைய அட்டைக்குச் சாதகமாகவே அமையும்.

ஏனெனில் வீடுகளில் உள்ள படச் செல்வம் அனைத்தும் நேற்று வந்ததன்று. இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது 1979இல். ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது 1982இல். அக்காலத்து நிகழ்ச்சிகளின் பதிவுகளும், குடும்ப விழாக்களின் ஒளிநாடாக்களிலிருந்து எடுத்த படிகளும், டி.வி.டி. வட்டுக்களில் வந்த தமிழ்த் திரைப்படங்களும் இந்நாட்டில் வழங்கும் முறைப்படி 576 கிடைக்கோடுகளுக்கு மேற்பட்டனவல்ல. இவற்றைக் காண்பதற்கு 2160 கோடுகளைத் தரும் அட்டை வேண்டுமென்பது, கிணற்று நீரை இறைக்க மகாவலிக்கு அணை கட்டவேண்டும் என்பதை ஒக்கும்.

இங்கு இன்னொரு நுட்பமும் கவனித்தற்குரியது. இணையத்திற் கட்டணம் செலுத்திப் பார்க்கும் படங்கள் சில, உயர்ந்த தெளிவிற் பழைய அட்டையில் ஓட மறுக்கும். அட்டைக்கு ஆற்றல் போதாமையே காரணமென்பர். பல வேளைகளிற் காரணம் அதுவன்று. படியெடுத்தலைத் தடுக்கும் எச்.டி.சி.பி. 2.2 என்னும் பூட்டின் திறவுகோல் அவ்வட்டையிடம் இல்லை. நடக்கத் தெரிந்தவன் வாயிலில் நிறுத்தப்படுவதும், நடக்கவே தெரியாதவன் வீட்டிலே தங்குவதும் ஒன்றாகா. முன்னதைப் பின்னதாகக் காட்டுவதே வணிகத்தின் சாதுரியம்.

இரண்டாவது தடை மின்சாரம் பற்றியது. இதனை எள்ளி நகையாடுதல் பொறுப்பற்ற செயலாகும். 2022 மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டை அனுபவித்த நாடு இது. ஆயினும் கணக்கின்றிப் பேசுதலும் தகாது. பழைய அட்டை புதிய சாதனத்தை விட 25 வாற்று அதிகமாக உண்கின்றது எனக் கொள்வோம். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் இயங்கினால் மேலதிகச் செலவு 100 வாற்று மணி, ஆண்டுக்கு 36.5 அலகு. இருபத்துநான்கு மணி நேரமும் அணைக்காது விட்டாலோ ஆண்டுக்கு 219 அலகு. குற்றம் அட்டையின் வயதில் மட்டுமன்று. அணைக்காத கையிலும் உண்டு. 150 வாற்றுக் கொள்ளத்தக்க முன்னாள் விளையாட்டு அட்டையைப் படம் காண்பதற்கெனப் பொருத்துதல் மூடத்தனம் என்பதை ஒப்புக்கொள்ளலாம். குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சிறிய அட்டையையும் அதனுடன் சேர்த்துக் குப்பையில் எறிதல் அதனினும் பெரிய மூடத்தனம். புதிய அட்டையைத் தோண்டி, உருக்கி, வார்த்து, கப்பலேற்றிக் கொண்டுவருவதற்கும் மின்சாரமும் எண்ணெயும் செலவாகின்றன. அச்செலவு இந்நாட்டு மின்மானியிற் பதிவாவதில்லை என்பதனால் அது நிகழாததாகிவிடாது.

மூன்றாவது தடை, கைக்கடக்கமான புதிய சாதனங்கள் மலிவாகக் கிடைக்கும்போது இத்தொல்லை எதற்கு என்பது. தொலைக்காட்சியின் பின்புறத்திற் செருகும் அச்சிறு சாதனங்களைப் பழைய அட்டையோ கணனியோ இல்லாத ஒருவர் வாங்குவதில் தவறில்லை. ஆனால் அவற்றுள் ஒரு பாகம் பழுதுற்றால் மாற்ற இயலாது; மென்பொருளுக்கு ஆதரவு நின்றால் வேறொன்றை இடுதலும் எளிதன்று. விசிறி நின்ற அட்டைக்கு விசிறி மாற்றலாம். நினைவகம் போதாத கணனிக்கு நினைவகம் சேர்க்கலாம். ஒன்று திறக்கத்தக்க பெட்டி. மற்றையது திறக்கவியலாத முத்திரை. மலிவு என்பது முதல்நாள் விலையை மட்டும் நோக்கிக் கூறும் சொல்.

இத்தடைகளெல்லாம் மேலோட்டமானவை. உண்மையான தடை நான்காவது. 'டிறைவர்' எனப்படும் செலுத்தி மென்பொருள் இன்றேல், எத்துணைச் சிறந்த அட்டையும் வெறும் தகடே. பணிசெயல் முறைமை இடும் கட்டளையை அட்டைக்குப் புரியும் மொழியிற் பெயர்த்துக் கொடுப்பது அச்செலுத்தி. அதனை எழுதுவோர் அட்டையை ஆக்கியோரே. அவர்கள் எழுதுவதை நிறுத்தும் நாளே அட்டையின் இறுதி நாளாகின்றது. லினக்ஸ் முறைமைக்கென என்விடியா வழங்கிய செலுத்திகளின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். ஜீபோர்ஸ் 8 வரிசை முதலாயவற்றுக்குரிய 340 எண் செலுத்தியின் ஆதரவு 2019 இறுதியுடன் முடிந்தது. 400, 500 வரிசைகளுக்குரிய 390 எண் செலுத்தி 2022 இறுதியுடன் முடிந்தது. 600, 700 வரிசைகளிற் பெரும்பாலானவற்றுக்குரிய 470 எண் செலுத்தி 2024இல் முடிந்தது. மேலே போற்றப்பட்ட ஜி.ரி. 1030 அடங்கிய தலைமுறைக்கு 580 எண் செலுத்தியே கடைசிக் கிளை என 2025இல் அறிவிக்கப்பட்டது. மயானத்துக்குச் செல்வோரின் வரிசை எண்கள் போல இவை நீள்கின்றன.

செலுத்தி நின்றால் என்ன, பழையதையே தொடர்ந்து பாவிக்கலாமே என வினவலாம். அங்கேதான் சூழ்ச்சியின் முடிச்சு உள்ளது. லினக்ஸ் முறைமையின் கரு ஆண்டுதோறும் மாறிக்கொண்டிருப்பது. அம்மாற்றத்துக்கேற்பச் செலுத்தியையும் திருத்தியாக வேண்டும். மூலநிரல் திறந்திருந்தால் உலகின் எம்மூலையிலிருந்தும் ஒருவர் அதனைத் திருத்தலாம். மூடிய செலுத்தியைத் திருத்துவதற்கு எவருக்கும் வழியில்லை. அதன் வெளியோரத்தை ஒட்டுப்போட்டுச் சில காலம் இழுத்துச் செல்லலாம், அவ்வளவே. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் வழி வேறானாலும் முடிவு ஒன்றே. 2021 ஒக்ரோபர் 5ஆந் திகதி வெளிவந்த வின்டோஸ் 11, டிரெக்ட்எக்ஸ் 12 என்னும் முறைக்கு இயைந்த வரைகலையையும் ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூறையும் நிபந்தனையாக்கியது. 2025 ஒக்ரோபர் 14ஆந் திகதி வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிவுற்றது. அன்று காலை ஒழுங்காக இயங்கிய கணனிகள் பல, மாலையில் எப்பழுதுமின்றியே பழையனவாயின.

நிறுவனங்கள் எக்காலத்துக்கும் எப்பொருளுக்கும் உழைத்துக்கொண்டிருக்க இயலுமா என்பது இதற்கு அவர்தம் மறுமொழி. நியாயமான மறுமொழியே. 2007இன் அட்டைக்கு இன்றும் பொறியியலாளரை அமர்த்திச் சம்பளம் கொடுக்குமாறு எவரும் கேட்கவில்லை. கேட்பது வேறொன்று. தாம் செய்ய விரும்பாததைப் பிறர் செய்ய விடுங்கள் என்பதே கோரிக்கை. பொருளை விற்றுப் பணத்தைப் பெற்றபின், அதனை இயக்கும் அறிவை மட்டும் பூட்டி வைத்திருப்பதற்கு என்ன நியாயம் உண்டு? பசுவை விற்றவன் கயிற்றைத் தன் கையிலேயே வைத்திருந்தால், விற்றது பசுவா, பசுவின் நிழலா?

இது நிறைவேறாத கனவுமன்று. ஏ.எம்.டி. நிறுவனம் 2007 செப்டெம்பரில், தன் ரேடியன் அட்டைகளின் தொழினுட்ப ஆவணங்களை வெளியிட்டுத் திறந்த செலுத்திக்கு உதவுவதாக அறிவித்தது. படம் விரிக்கும் சுற்றுக்கான திறந்த நிரலும் 2013இல் வெளிவந்தது. சில்லினுள் ஏற்றும் நுண்நிரல் இன்னும் மூடியதே. எனினும் அந்நிறுவனம் ஆதரவை நிறுத்திய பழைய அட்டைகள் பல, லினக்ஸின் கருவுடன் சேர்ந்து இன்றும் இயங்குகின்றன. என்விடியா அட்டைகளுக்கென 'நூவோ' என்னும் திறந்த செலுத்தியைத் தன்னார்வலர் எழுதினர். ஆவணம் இன்மையால், அட்டையின் நடத்தையை வெளியிலிருந்து நோக்கி நோக்கி உய்த்துணர்ந்தே அதனை ஆக்கவேண்டியதாயிற்று. பின்னர், 2014இல் வெளிவந்த 900 வரிசை முதல், நிறுவனத்தின் கையொப்பம் பெற்ற நுண்நிரல் இன்றி அட்டை முழு வேகத்தை எட்டாதவாறு செய்யப்பட்டது. புதிய அட்டை பழைய அட்டையை விடத் திறந்த செலுத்தியில் மெதுவாக இயங்கும் விந்தை இவ்வாறு தோன்றியது. 2022 மேயில் அந்நிறுவனம் தன் செலுத்தியின் ஒரு பகுதியைத் திறந்தது. அது 2018ஆம் ஆண்டுத் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்குமே உரியது. உதவி மிகவும் வேண்டியிருந்த பழைய அட்டைகள் வாசலுக்கு வெளியே நின்றன.

மூடிய பெட்டியைத் திறந்தோர் சமூகத்துக்குத் தந்த நன்மைக்கும் எடுத்துக்காட்டு உண்டு. வீட்டுத் திரையரங்குக் கணனிகளில் இன்று பரவலாகப் பாவிக்கப்படும் கோடி என்னும் மென்பொருளின் தொடக்கத்தை நோக்குக. 2001இல் மைக்ரோசொப்ட் விற்பனைக்கு விட்ட எக்ஸ்பொக்ஸ் விளையாட்டுப் பெட்டியைத் திரைப்படம் காட்டும் பெட்டியாக மாற்ற முயன்ற தன்னார்வலரிடமிருந்தே அது பிறந்தது. கோடி என்னும் பெயரை 2014இற் பெற்றது. ஆக்கியோர் கருதாத பயனைப் பயன்படுத்துவோர் கண்டனர். பொருள் ஒன்றின் பயனை வரையறுக்கும் உரிமை ஆக்கியோனுக்கு மட்டும் உரியதாயிருந்தால் அம்மென்பொருள் தோன்றியே இராது.

பிலிமத்தலாவைக்கு மீள்வது இங்கு பொருத்தமாகும். பித்தளை மீண்டும் விளக்காவதற்கு அதன் உலோகக் குணம் மட்டும் காரணமன்று. செம்பும் நாகமும் எவ்வளவு, அச்சை எவ்வாறு அமைப்பது, எவ்வெம்மையில் ஊற்றுவது என்னும் அறிவு தந்தையிடமிருந்து மகனுக்கும், ஆசானிடமிருந்து மாணாக்கனுக்கும் கையோடு கையாக வந்து சேர்ந்துள்ளமையே காரணம். விளக்கை விற்றவர், அதனை மீண்டும் உருக்குவதற்குத் தம் அனுமதி வேண்டும் என்பதில்லை. அறிவு கையில் இருப்பதனாற் பழம்பொருள் மூலப்பொருளாகின்றது. அறிவு பூட்டப்பட்டிருப்பதனால் வரைகலை அட்டை குப்பையாகின்றது.

பிலிமத்தலாவையை அடுத்துள்ள கடலாதெனிய விகாரையும், அதற்கு அப்பாலுள்ள லங்காதிலக விகாரையும் நான்காம் புவனேகபாகுவின் காலத்தில், 1344ஆம் ஆண்டளவில் எழுந்தவை. கடலாதெனியவைக் கட்டிய சிற்பாசாரியார் கணேஸ்வராசாரி எனக் கல்வெட்டுக் கூறும். லங்காதிலகத்தின் பாறையிலோ, விகாரைக்கு அளிக்கப்பட்ட கொடைகள் சிங்களத்தில் மட்டுமன்றித் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளன. பலருக்கும் உரிய காரியம் ஒன்றின் விவரங்களைப் பலரும் படிக்கத்தக்கவாறு, இரு மொழிகளில், கல்லில் எழுதிவைத்த சமுதாயம் அது. இன்று கோடிக்கணக்கான வீடுகளில் இருக்கும் சில்லின் விவரமோ, நிறுவனத்தின் இரும்புப் பெட்டியினுள் ஒரு மொழியிலும் படிக்க இயலாதவாறு கிடக்கின்றது. எது முன்னேற்றம் என்பதைப் புதுமைவாதிகள் விளக்கக் கடமைப்பட்டுள்ளனர்.

இது தனிமனிதரின் சிக்கனம் பற்றிய பேச்சு மட்டுமன்று. 2022 மார்ச்சின் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலர், சில வாரங்களுள் 360 ரூபாவை எட்டியது. அவ்வாண்டு ஏப்பிரல் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இலங்கை இடைநிறுத்தியது. மருந்துக்கும் எரிபொருளுக்கும் அந்நியச் செலாவணி தேடி அலைந்த நாட்டில், இயங்கும் அட்டையை எறிந்து இன்னோர் அட்டையை இறக்குவது தனிமனிதர் விருப்பம் மட்டுமென்று கூறி ஒதுங்க இயலாது. இதனாற் பற்றாக்குறையைப் போற்றுவதாகக் கொள்ளலாகாது. 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம் மக்களுக்குத் திருத்திப் பாவிக்கக் கற்பித்தது உண்மை. ஆயின் அது வேறு வழியின்றிக் கற்ற பாடம். 1977இன் பின் வந்த திறந்த பொருளாதாரம் அப்பாடத்தை மறக்கக் கற்பித்தது. வறுமை வற்புறுத்தியதனாற் கற்றதை, அறிவு வற்புறுத்துவதனால் மீண்டும் கற்பதே இன்று வேண்டப்படுவது.

எறிந்த அட்டை எங்கே போகின்றது என்பதும் கேட்கப்படவேண்டிய வினா. ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் கணிப்பின்படி 2022ஆம் ஆண்டில் உலகிற் சேர்ந்த மின்னியற் கழிவு 6 கோடியே 20 இலட்சம் தொன்; அதில் முறைப்படி சேகரித்து மீட்கப்பட்டது 22.3 சதவீதமே. பழைய அட்டைகளின் பற்றாசில் ஈயம் உண்டு. கண்டி நகரின் குப்பை நெடுங்காலம் கொட்டப்பட்டு வந்த கோஹாகொட, மகாவலியின் கரையை ஒட்டியது. குப்பைமேட்டிற் சேரும் நஞ்சு அங்கேயே தங்கிவிடுவதில்லை. மழை அதனைச் சுமந்து செல்லும். ஆறு எவ்வூர் வழியாக ஓடுகின்றது என்பதைப் பேராதனையிற் பயில்வோருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆகவே செய்யவேண்டியது யாது? முதற்கண், மாயையும் மந்திரமும் வேண்டா. இறந்த அட்டையைச் சமையல் அடுப்பில் வைத்துச் சூடாக்கி உயிர்ப்பிக்கும் வித்தை, வீட்டாருக்கு நஞ்சூட்டுவதில் முடியலாம். உயிருள்ள அட்டைக்கு வேண்டியவை எளியவை. தூசியைத் துடைத்தல், காய்ந்த வெப்பப் பசையை நீக்கிப் புதியதை இடுதல், தேய்ந்த விசிறியை மாற்றுதல் என்பனவே அவை. எச்.டி.எம்.ஐ. வழியே ஒலி வருமா என்பதையும் முன்னரே பார்த்தல் வேண்டும். 8600 போன்ற அட்டைகளில் ஒலியைத் தனிக் கம்பியால் அட்டைக்குக் கொண்டுசெல்லவேண்டும். அக்கம்பி இன்மையால் ஊமையாய் நின்ற அட்டையைப் பழுதெனக் கருதி எறிவோரும் உளர்.

அடுத்து, பல்கலைக்கழகங்கள் தம் கடமையை உணர்தல் வேண்டும். அரச நிறுவனங்களில் ஆண்டுதோறும் நிகழும் பொருட் கணக்கெடுப்பில், பாவனைக்குதவாதவை எனக் கணனிகள் ஒதுக்கப்படுகின்றன. அத்தீர்ப்பு எச்சோதனையின் மீது வழங்கப்படுகின்றது? வயதை மட்டும் பார்த்தா, இயக்கிப் பார்த்தா? விளையாட்டுக்கு உதவாத அட்டை விரிவுரை மண்டபத்துத் திரைக்கு உதவும்; ஆய்வுகூடத்துக்கு உதவாத கணனி மாணவர் விடுதியின் பொது அறைக்கு உதவும்; விடுதிக்கும் உதவாதது மலையகப் பாடசாலையொன்றில் விஞ்ஞான விளக்கப்படம் காட்ட உதவும். இவற்றை இயக்கிப் பார்த்துத் தரம் பிரிக்கும் பணி பொறியியல், கணனியியல் மாணவருக்குச் செயன்முறைப் பாடமாகவும் அமையும். ஒதுக்குவதற்கு முன் ஒருமுறை இயக்கிப் பார்க்கவேண்டும் என்னும் ஒரு விதியே பெருமாற்றத்தைத் தரும்.

வாங்கும்போதும் வினா எழுப்புதல் வேண்டும். கேள்விப்பத்திரம் கோரும் நிறுவனம் வேகத்தையும் விலையையும் கேட்கின்றது. செலுத்தி திறந்ததா, ஆவணம் கிடைக்குமா, ஆதரவு எவ்வாண்டு வரை என்பவற்றையும் கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்தும் உரிமை பற்றிய பணிப்புரையை நிறைவேற்றி, குறிப்பிட்ட சில வீட்டுச் சாதனங்களை ஆக்கியோர் திருத்திக் கொடுக்கவேண்டுமென விதித்தது. அங்கே சட்டத்தாற் பெறத் தொடங்கியதை இங்கே கேட்பதற்கும் தயங்குதல் அடிமை மனப்பான்மையின் எச்சமேயாகும்.

தமிழிற் சிந்திப்போருக்கும் இதில் ஒரு பங்குண்டு. அட்டையைத் துடைப்பது, செலுத்தியை இடுவது, தொலைக்காட்சியுடன் இணைப்பது என்பன பற்றிய அறிவு ஆங்கிலம் அறிந்தோரிடம் மட்டும் தங்கினால், அதுவும் இன்னொரு பூட்டே. திறந்த செலுத்தி ஆங்கிலம் அறியாதவனுக்கு மூடிய செலுத்தியே. எளிய தமிழில், படங்களுடன், பாடசாலை மாணவனும் படித்துச் செய்யத்தக்க கைந்நூல்களை எழுதுவது தமிழ் மன்றங்களின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. மொழியைக் காப்பது விழா எடுப்பதால் மட்டும் நிறைவுறாது. வேலை செய்யும் கைக்கு அம்மொழி உதவவும் வேண்டும்.

பழைய வரைகலை அட்டை ஒரு நாள் உண்மையாகவே இறக்கும். சில்லு எரியும், பற்றாசு வெடிக்கும், மின்தேக்கி வீங்கும். அன்று அதனைக் கழிப்பது காலத்தின் நியதி. அதிற் குற்றம் காண எவருமில்லை. அதற்கு முன்னர், எங்கோ இருக்கும் நிறுவனமொன்றின் அறிவித்தலைக் கேட்டு, இயங்கும் பொருளைப் புதைப்பதற்கு இசைவது, வாங்கிய பொருளின் மீதுள்ள உரிமையை மட்டுமன்றி, எது பயனுடையது எனத் தீர்மானிக்கும் உரிமையையும் சேர்த்து ஒப்படைப்பதாகும். அவ்வுரிமையை ஒப்படைப்பதா, கேட்டுப் பெறுவதா என்பதைக் கற்றோர் தீர்மானித்தல் வேண்டும். அத்தீர்மானம் அடுத்த பொருட் கணக்கெடுப்பில், அடுக்கில் ஒதுக்கப்படும் முதலாவது கணனியின் ஆளியை அழுத்திப் பார்ப்பதிலிருந்தே தொடங்கலாம்.